பூஜ்யத்துக்குக் கீழே

அத்தியாயம் பன்னிரண்டு

மூன்று வாரங்களாக அந்த வீட்டில் யாரும் எதையும் எண்ணவில்லை.

அதற்கு முன்னால் விடிந்தது முதல் எண்களின் ஓசைதான். மாடிப்படி அறுபத்துநான்கு, அவற்றில் ஓரம் உடைந்தவை மூன்று. அம்மாவின் சீப்பில் பல் நாற்பத்தொன்று. மழை விட்டபின் ஜன்னல் கம்பியில் தொங்கும் துளிகள் பதினேழு. இல்லை, ஒன்று விழுந்துவிட்டது, பதினாறு. அடியார்கள் ஆண்டவன் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சலிக்காததுபோல, ஏழு வயதுக் குழந்தை எண்களைச் சொல்லிச் சலித்ததில்லை. அவள் அப்பன் அவளுக்கு இட்ட செல்லப் பெயர் ‘கணக்குப்பிள்ளை’.

வீட்டில் அந்தப் பெயரையும் இப்போது யாரும் சொல்வதில்லை.

பள்ளிக்கூட வராந்தாவில் அன்று நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ‘மூன்றிலிருந்து ஐந்தைக் கழிக்க முடியுமா?’ என்று கணக்கு டீச்சர் வகுப்பில் கேட்டார். நாற்பது குழந்தைகள் ‘முடியாது’ என்று பாடின. இவள் ஒருத்தி மட்டும் எழுந்து நின்று, “முடியும். கீழ் ரெண்டு வரும்” என்றாள். உட்காரச் சொன்னதற்கு, “நீங்க சொல்றது தப்பு டீச்சர்” என்றும் சொல்லிவிட்டாள். அப்பன் அழைக்கப்பட்டான்.

அவன் மின்தூக்கி பழுது பார்ப்பவன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எந்தப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் கால் வைத்தாலும் அரைக்கால் சட்டைப் பருவத்துக்குத் திரும்பிவிடுகிறவன். எண்ணெய்க் கறை படிந்த சீருடையோடு நின்றவனைப் பார்த்து டீச்சர் கேட்டார்: “நீங்களே சொல்லுங்க சார். மூணுல அஞ்சு போகுமா?”

தினமும் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி வேலை செய்கிற அந்த மனிதன் பக்கத்தில் நின்ற மகளிடம் சொன்னான்: “போகாதும்மா. டீச்சர் சொல்றதுதான் சரி.”

குழந்தை அண்ணாந்து அவனைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்கு இத்தனை வலித்திராது.

*

சனிக்கிழமை காலை. இரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த மனைவி, வெள்ளை மேலங்கியை மடித்துப் பைக்குள் வைத்தபடியே ஆரம்பித்தாள்.

“மூணு மணிக்குப் பெற்றோர் கூட்டம். எனக்கு ஆறு மணி வரைக்கும் வேலை. நீங்கதான் போகணும்.”

“போறேன்.”

“போய்?”

“போய்... என்னன்னு கேக்குறேன்.”

“கேக்க என்ன இருக்கு? சொல்லத்தான் இருக்கு. கணக்கு வட்டத்துக்கு ஆறு பிள்ளைங்களை எடுக்குறாங்களாம். வாரா வாரம் புதன்கிழமை ஒரு பேராசிரியை அம்மா வந்து விளையாட்டு மாதிரி சொல்லித் தருவாங்களாம். இன்னிக்குப் பட்டியல் ஒட்டுறாங்க. நம்ம பொண்ணுக்கு இல்லாத இடமா அது?”

அவன் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டி முடித்ததை அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

“லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்களுக்கு வெளியிலேர்ந்து அவ்ளோ தைரியம் சொல்றீங்க. ‘பயப்படாதீங்க, நான் இருக்கேன், இதோ திறந்திடுவேன்’னு. ஊரே உங்க குரலைப் புகழுது. ஒரு டீச்சர் முன்னாடி மட்டும் அந்தக் குரல் எங்க போய் ஒளிஞ்சிக்குது?”

“குழந்தை காதுல விழுது. மெதுவா.”

“விழட்டும். அன்னிக்கு விழுந்ததைவிடவா?”

கதவு சாத்திக்கொண்டது. உள்ளறையில் குழந்தை வண்ணம் தீட்டும் புத்தகத்தையும் பென்சில் பெட்டியையும் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு வேலை இருக்கும் சனிக்கிழமைகளில் அவள் அப்பனோடு போவது வழக்கம். முன்பெல்லாம் அந்தச் சனிக்கிழமைக்காக வெள்ளிக்கிழமையே தூங்காமல் கிடப்பாள்.

*

பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடம் அது. வாசல் காவலாளி இவளைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக் குனிந்தார். இவளுக்காகவே அவர் வைத்திருக்கும் மரியாதை.

“வாங்க கணக்குப்பிள்ளை! ஒரு மாசமாச்சு. இன்னிக்கு மாமா சட்டையில எத்தனை பட்டன், சொல்லுங்க பார்ப்போம்.”

ஏழு பொத்தான்களில் ஒன்று பிய்ந்து போயிருக்கும். போன மாதம் இவள், “இருக்க வேண்டியது ஏழு, இருக்கிறது ஆறு. கீழ் ஒண்ணு மாமா!” என்று கூவியதில் வரவேற்பறையே சிரித்தது.

குழந்தை அவருடைய சட்டையைப் பார்க்காமல், “தெரியாது மாமா” என்றாள்.

காவலாளியின் சிரிப்பு பாதியில் நின்றது. அவன் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “என்ன சார், பாப்பாவுக்குக் காய்ச்சலா?”

“இல்லண்ணே. ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லைன்னா ரெண்டு இருக்கணுமே. இந்த வாய் சும்மா இருக்கிற வாயா?”

அவன் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டான். காவலாளியின் நாற்காலியில் அமர்ந்து குழந்தை யானைக்கு நீல வண்ணம் பூசத் தொடங்கினாள்.

கம்பிவடத்துக்கு எண்ணெய், பிரேக்கின் தேய்மானம், கதவிடுக்கில் ஆள் நிற்பதை அறியும் உணர்கண் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. கடைசி வேலை மட்டம் பார்ப்பது. ஒவ்வொரு தளத்திலும் தூக்கியின் தரையும் கட்டடத்தின் தரையும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அரை விரல் பிசகினாலும் யாராவது தடுக்கி விழுவார்கள். விழுந்தவர் தன் காலைத்தான் நொந்துகொள்வார். மட்டம் தவறியதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அவன் குனிந்து பார்ப்பவன். பதினான்கு ஆண்டுகளாக ஒருவரும் அவன் மட்டத்தில் தடுக்கியதில்லை. தன் வீட்டில் ஒருத்தி தடுக்கி விழுந்தாள். அந்த மட்டத்தைத் தவறவிட்டவனும் அவனேதான்.

“சோதனை ஓட்டம். வரியாம்மா?” என்றான்.

வந்தாள். பொத்தான் பலகை அவள் கண்ணுக்கு நேராக இருந்தது: மேலே 12, நடுவே 0, அதன் கீழே −1, −2. இதே பலகையின் முன்னால்தான், நான்கு வயதில், அவன் தோளில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: “இந்த ஒண்ணுக்கு முன்னாடி மட்டும் ஏன்ப்பா கோடு?” அவன், “அது தரைக்குக் கீழ இருக்கிற ஒண்ணு” என்றான். “அப்ப அது கீழ் ஒண்ணு” என்று அவளே பெயர் வைத்தாள். அவன் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவளாக எடுத்துக்கொண்டது.

மூன்றாம் மாடியில் நிறுத்தினான். பழைய விளையாட்டைப் பழைய குரலிலேயே தொடங்கினான்.

“இப்ப மூணுல நிக்கிறோம். இங்கேர்ந்து அஞ்சு மாடி இறங்கினா எங்க நிப்போம்?”

அவள் கண்கள் ஒரு கணம் −2இல் போய் நின்றதை அவன் பார்த்தான். அவை உடனே தரைக்குத் திரும்பின.

“இறங்க முடியாதுப்பா.”

அவன் −2ஐ அழுத்தினான். இரண்டு, ஒன்று, பூஜ்யம், கீழ் ஒன்று, கீழ் இரண்டு. கதவு விலகியது. மங்கிய விளக்கில் வண்டிகள் வரிசையாக நின்றன. டயர் வாசனை வந்தது.

“இறங்கிட்டோமே. இது எங்க?”

“கார் நிறுத்துற இடம்.”

“அதுக்கு நம்பர் என்னம்மா?”

“நம்பர் கிடையாது.”

“யாரு சொன்னா?”

“நீங்கதான்.”

அவன் கதவிடுக்கில் நின்றுகொண்டிருந்தான். கதவு அவனை நோக்கி வந்து, தொட்டுவிடும் முன் தயங்கி, விலகிப் போயிற்று. மறுபடியும் வந்தது. அவன் முழங்காலிட்டு அவள் முகத்துக்கு நேராக அமர்ந்தான்.

“நான் அன்னிக்குச் சொன்னதை நம்பிட்டியா கண்ணு?”

அவள் நேர்மையாக யோசித்தாள். கணக்குக்கு விடை தேடும்போது செய்வதுபோலக் கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“நம்பல.”

“அப்புறம் ஏன்?”

“நான் ‘இருக்கு’ன்னு சொன்னா நீங்க பொய் சொன்னது டீச்சருக்குத் தெரிஞ்சிடும்ல? உங்களைத் திட்டுவாங்க. அன்னிக்கே உங்க கை நடுங்குச்சு. நான் பார்த்தேன்.”

“அதுக்காக... படி எண்ணுறதைக்கூடவா விட்டுட்ட?”

“எண்ணினா ‘கீழ் ரெண்டு’ம் வாயில வந்துடும்ப்பா.”

கதவு மூன்றாம் முறையும் வந்து திரும்பிப் போயிற்று.

இத்தனை நாளும் அவன், தான் குழந்தையின் ஆசையை அணைத்துவிட்டதாக நினைத்து வருந்திக்கொண்டிருந்தான். நடந்தது அதனினும் கொடியது. அவள் தன் ஆசையைத் தானே கையால் பொத்தி வைத்திருக்கிறாள், அப்பனுடைய பொய் வெளியே தெரிந்துவிடக் கூடாதென்று. அவன் காக்க வேண்டியவள் அவனைக் காத்துக்கொண்டிருக்கிறாள். ஏழு வயதில். மூன்று வாரங்களாக. வாய் திறவாமல்.

“ஆண்டவனே” என்றான்.

*

பள்ளிக்கூடத்து அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டியாகிவிட்டது. ஆறு பெயர்கள். ஒருமுறை மேலிருந்து கீழும், ஒருமுறை கீழிருந்து மேலுமாகப் படித்தான். அவள் பெயர் இல்லை. அவள் பலகையைப் பார்க்கவே இல்லை. அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சரின் மேசைக்கு முன்னால் நான்கைந்து பெற்றோர் காத்திருந்தார்கள். இவன் முறை வந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே டீச்சர் சொன்னார்:

“பட்டியலைப் பார்த்திருப்பீங்க. எனக்கே வருத்தம்தான் சார். முதல் பேரே இவ பேருதான் எழுதினேன். போன திங்கக்கிழமைதான் அடிச்சேன். மூணு வாரமா வாயே திறக்கல. ஏழும் எட்டும் எவ்ளோன்னு கேட்டாகூடத் ‘தெரியாது’ங்கிறா. சின்னப் பிள்ளைங்களுக்கு ஒரு ஆசை வரும், போகும். அப்படித்தான்னு நினைச்சுக்கிட்டேன்.”

பின்னால் யாரோ இருமினார்கள். மின்தூக்கிக்குள் சிக்கியவர்கள் அவன் குரல் கேட்கும்வரை எப்படி மூச்சு விடுவார்கள் என்று அவனுக்கு அப்போது தெரிந்தது.

“டீச்சர், அன்னிக்கு நான் பொய் சொன்னேன்.”

அவர் கண்ணாடியைக் கீழே வைத்தார்.

“மூணுல அஞ்சு போகும். எங்க லிஃப்டு தினமும் போகுது. என் பொண்ணு சொன்னதுதான் சரி. நான் உங்களுக்குப் பயந்துக்கிட்டு அவளை விட்டுக்கொடுத்துட்டேன். நான் மாட்டிக்கக் கூடாதுன்னுதான் அவ வாயை மூடிக்கிட்டிருக்கா. ஆசை எங்கயும் போகல.”

டீச்சர் பேசியபோது அதட்டல் இல்லை.

“கீழ்த்தளம் இருக்கிற லிஃப்டுல நானும் ஏறியிருக்கேன் சார். எனக்குத் தெரியாதா? அது மேல் வகுப்புப் பாடம். நாற்பது பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு அன்னிக்கு அந்தக் கதவைத் திறக்க முடியல. நீங்க ஒரு வார்த்தை, ‘இருக்கு டீச்சர், அப்புறமா சொல்லித் தருவீங்கல்ல?’ன்னு சொல்லியிருந்தா, ஆமான்னு தலையாட்டியிருப்பேன். அதுக்காகத்தான் உங்களைக் கேட்டேன். உங்க சட்டையில லிஃப்டு கம்பெனிப் பேரைப் பார்த்துட்டுத்தான் கேட்டேன்.”

ஒரு வார்த்தை. அவ்வளவு மலிவாக முடிந்திருக்க வேண்டியது. திறந்திருந்த கதவைப் பூட்டியிருப்பதாக நினைத்து, மூன்று வாரம் வெளியே நின்றிருக்கிறான்.

டீச்சர் நாற்காலியைத் திருப்பிக் குழந்தைக்கு நேரே அமர்ந்தார். “தப்பு என்னோடதும்தான்டா. ‘முடியாது’ன்னு சொல்லியிருக்கக் கூடாது. ‘இன்னும் சொல்லித் தரல’ன்னு சொல்லியிருக்கணும். இப்ப நீ சொல்லு. மூணுல அஞ்சு போனா என்ன வரும்?”

குழந்தை டீச்சரைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்தது. பிறகு அவள் பார்வை சரிந்து அப்பனின் கையில் வந்து நின்றது.

அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அவன் விரல்களை மடக்கினான். காலம் கடந்துவிட்டது.

“தெரியாது டீச்சர்” என்றாள் குழந்தை, மிகத் தெளிவாக.

டீச்சர் பெருமூச்சு விட்டார். “பட்டியல் முடிவானதுதான். இருந்தாலும் இன்னொரு பிள்ளையையும் உட்கார வைக்கட்டுமான்னு புதன்கிழமை பேராசிரியை அம்மாகிட்ட நான் கேட்டுப் பார்க்கிறேன். ஆனா இவ பேசணும் சார். எழுதிக் காட்டினா போதாது. அவங்க பிள்ளைங்களைப் பேச வெச்சுத்தான் பார்ப்பாங்க.”

*

வீட்டு மாடிப்படியில் ஏறும்போது அவன் வாய்விட்டு எண்ணினான். ஒன்று, இரண்டு என்று தொடங்கி, நாற்பதுக்குப் பிறகு வேண்டுமென்றே நாற்பத்திரண்டு என்றான். அவன் பிடிக்குள் இருந்த சிறு விரல்கள் வெடுக்கென்று துள்ளின. குரல் வரவில்லை. கடைசிப் படியில் அறுபத்தைந்து என்று முடித்தான். வாழ்நாளில் அந்தப் படிகளைத் தவறாக எண்ண விட்டதில்லை அவள். இன்று விட்டுவிட்டாள்.

மாலை மனைவி வந்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான், கை நடுங்கியதையும் சேர்த்து. காலையில் சீறியவள் இப்போது சீறவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, “சொன்னீங்கள்ல. அதையாவது சொன்னீங்கள்ல” என்றாள். அந்த ஆறுதல் அவனுக்கு ஏச்சைவிடக் கனமாக இருந்தது.

குழந்தை குளிக்கப் போயிருந்தாள். தரையில் கிடந்த வண்ணப் புத்தகத்தை எடுத்து வைக்கக் குனிந்தான். நீல யானையின் தாள் புரண்டு அதன் பின்பக்கம் தெரிந்தது.

பின்பக்கம் முழுவதும் பென்சில். எறும்பு ஊர்ந்ததுபோல் பொடிப் பொடியாக.

கீழ் 2, ரெண்டு தடவை = கீழ் 4
கீழ் 2, மூணு தடவை = கீழ் 6
கீழ் 2, நாலு தடவை = கீழ் 8

மயிலின் பின்னாலும், கப்பலின் பின்னாலும், பொம்மை வீட்டின் பின்னாலும் அதே. மூன்று வாரத்துக் கணக்கு. கடைசித் தாளில் ஒரே வரி:

கீழ் 2, கீழ் 2 தடவை =

அதற்குப் பிறகு எழுதி எழுதி அழித்து, தாள் ஓட்டை விழும் அளவுக்கு மெலிந்திருந்தது.

“அது என்னோடது.”

ஈரத் தலையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவன் புத்தகத்தை மறைக்கவில்லை.

“பார்த்துட்டேம்மா. மன்னிச்சுக்கோ. இது... இந்தக் கடைசிக் கணக்கு...”

அவள் அருகே வந்தாள். ரகசியம் உடைந்துவிட்டபின் ஆவலை அடக்க முடியவில்லை. “அதுக்கு என்னப்பா விடை? ரெண்டு மாடி இறங்கறதை ரெண்டு தடவை செய்யலாம். ‘கீழ் ரெண்டு’ தடவை எப்படிச் செய்யறது?”

அவனுக்குத் தெரியாது. ‘அப்படியெல்லாம் செய்ய முடியாதும்மா’ என்ற வார்த்தை, பழகிய பாதையில் வரும் வண்டிபோல, நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அவன் அதைப் பிடித்து நிறுத்தினான்.

“எனக்குத் தெரியல.”

அவள் கண்கள் சுருங்கின. “தெரியலையா? முடியாதா?”

“தெரியல. முடியாதுன்னு நான் இனிமே சொல்ல மாட்டேன்.”

“டீச்சருக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சிருக்கும். புதன்கிழமை வரப்போற அம்மாவுக்குக் கட்டாயம் தெரிஞ்சிருக்கும். நீ அவங்ககிட்டக் கேக்குறியா?”

அவள் கீழுதட்டைக் கடித்தாள்.

“நீங்க முதல்ல கேளுங்க. கை நடுங்காம கேளுங்க. அப்புறம் நான் பேசுறேன்.”

புத்தகத்தை அவன் கையிலிருந்து மெல்ல வாங்கி, மூடி, பைக்குள் வைத்து, பையின் வாயையும் இழுத்துக் கட்டினாள். கோபமில்லை. ஒருவரிடம் ஒன்றைக் கொடுத்து வைக்கலாமா என்று இன்னும் முடிவு செய்யாதவர்கள் செய்வதுபோலச் செய்தாள்.

அவன் தன் இரு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டே, “ஞாயிறு ஒண்ணு, திங்கள் ரெண்டு, செவ்வாய் மூணு, புதன் நாலு” என்றான்.

மூன்று வாரங்களுக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் எண்ணுகிற குரல் ஒன்று கேட்டது. அது அவனுடையது மட்டும்தான்.